சாவியை எடுத்த பிறகு

மகாராஷ்டிரத்தின் முதல் இரண்டு கொரோனா நோயாளிகள் 2020 மார்ச் 9 அன்று புனேயில்தான் கண்டறியப்பட்டார்கள். இரண்டு வாரத்தில் நாடே அடைபட்டது. ஊரடங்கு தளர்ந்தபோது எங்கள் குடியிருப்பு வளாகத்தில் பல வண்டிகள் கிளம்ப மறுத்தன. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பேட்டரிக் கடைப் பையன்கள் தோளில் ஜம்பர் கேபிளைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வளாகம் வளாகமாகப் போய்வந்தார்கள். நின்றே கிடந்ததால் பேட்டரி இறங்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம்.

அது பாதி உண்மை. நல்ல நிலையில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, டெர்மினலைக் கழற்றி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். வெயில் ஏறினால் கொஞ்சம் வேகமாக இறங்கும், அவ்வளவுதான். இரண்டு மாதம் நின்ற வண்டி படுப்பதில் ஆச்சரியமில்லை. ஒரு வாரம் நின்றதற்கே படுத்துவிடும் வண்டிதான் வேறு கதை. சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, நாம் மாடியேறிப் போன பிறகும் அதற்குள் ஏதோ ஒன்று விழித்திருந்து கரண்டைத் தின்கிறது. எங்கள் வீட்டு வண்டி அந்த ரகம்.

இந்தக் கோளாறின் இயல்பே ஓட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. நிறுத்திய வண்டி 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்தால் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளலாம். கடிகாரத்துக்கும் பாட்டுப்பெட்டியின் நினைவுக்கும் அலாரத்துக்கும் அது தேவை. நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-அவர் ஆகிறது. 70 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி தீர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதுவே 200 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 4.8, ஒரு வாரத்தில் பாதி காலி. டேஷ்போர்டு பெட்டிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்று இதைப்போல் இரண்டு பங்கு இழுக்கும். ஆனால் தினமும் ஹடப்சரிலிருந்து ஹிஞ்சவடிக்குப் போய்த் திரும்புகிற வண்டியில் இந்த 4.8 ஒரு பொருட்டே அல்ல. போகிற வழியிலேயே ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிக் கொடுத்துவிடும். ராத்திரி முழுக்கக் கசியும், காலையில் நிரம்பும், மறுபடி கசியும். வண்டிக்காரருக்கு வருஷக்கணக்கில் ஒரு சந்தேகமும் வராது. வேலை வீட்டுக்கே வந்து, வண்டி வாரத்துக்கு ஒருமுறை காய்கறி வாங்க மட்டும் வெளியே போகிற நிலை வந்தபோதுதான் எங்கள் வண்டியின் கணக்கு வெளியே வந்தது. அந்தக் கசிவு ஊரடங்கில் பிறந்ததில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இப்படி அடிக்கடி இறங்கும் வண்டிக்கு நம் ஊர்களில் ஒரே ஒரு வைத்தியம்தான் உண்டு: புதுப் பேட்டரி. அந்த வைத்தியம் பலித்ததுபோலத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கரண்ட் இறங்க இறங்கப் பேட்டரியின் தட்டுகள்மேல் லெட் சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது மறுபடியும் ஈயமாகவும் ஈய டையாக்சைடாகவும் அமிலமாகவும் திரும்பிவிடும். நாட்கணக்கில் அப்படியே கிடந்தால் அந்தப் பொடிப் படிகங்கள் பெருத்து இறுகிவிடும். பிறகு எந்த சார்ஜருக்கும் அவை இளகிக்கொடுக்காது. கசிவு பேட்டரியைக் காலி செய்வதோடு நிற்பதில்லை, திரும்பத் திரும்பக் காலி செய்தே கொன்றுவிடுகிறது. கடையில் லோடு டெஸ்டர் வைத்தால் பேட்டரி போய்விட்டது என்றுதான் முள் காட்டும். முள் சொல்வதும் உண்மைதான். புதுசு போட்டதும் வண்டி ஒரே திருப்பலில் கிளம்பும், எல்லோருக்கும் நிம்மதி. சில மாதங்கள் கழித்து அதுவும் சாகும். ‘இப்பல்லாம் பேட்டரி முன்ன மாதிரி வர்றதில்லீங்க’ என்பார்கள். கொன்றது எது என்று யாரும் தேடுவதில்லை. தேட நேரமாகும், பேட்டரி மாற்றப் பத்து நிமிஷம் போதும்.

பணம் மட்டும்தான் நஷ்டம் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கும்போது விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்பதில் நம் அக்கறை முடிந்துவிடுகிறது. முறையான ஆலைக்குப் போனால் ஈயம் ஏறக்குறைய முழுவதும் மீண்டும் பேட்டரியாகலாம். கொல்லைப்புற உலைக்குப் போனால் அமிலம் மண்ணில் கொட்டப்படும், ஈயப்புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் சேரும். 2020 ஜூலையில் யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடிக் குழந்தைகள்வரை ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயத்தோடு வாழ்கிறார்கள் என்றது. இந்தியாவின் பங்கு சுமார் 27.5 கோடி. முறையற்ற பேட்டரி உருக்குதலை அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சொன்னது. 2022-இல் பேட்டரிக் கழிவு மேலாண்மைக்குப் புது விதிகள் வந்தன, நல்லது. ஆனால் சாக வேண்டிய அவசியமே இல்லாத பேட்டரியைச் சாகவிடாமல் இருப்பது விதிகளின் கையில் இல்லை. வண்டி வைத்திருப்பவர் கையில் இருக்கிறது.

எங்கள் வண்டி டாடா சுமோ. பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது வெளியிலிருந்து வந்த வண்டி இல்லை. 1994-இல் டாடாவின் டெல்கோ அதைக் கொண்டுவந்தபோது, அந்தக் கம்பெனியைக் கட்டியெழுப்பிய சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்தும் குடும்பப் பெயரிலிருந்தும் முதலெழுத்துகளை எடுத்துத்தான் ‘சுமோ’ என்று வைத்தார்கள். 2019-இல் உற்பத்தி நின்றது. அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது. மே மாதமானால் குடும்பம் மொத்தமும் அதில் ஏறி, காத்ரஜ் தாண்டி, கம்பாட்கி காட் ஏறி இறங்கி, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூர், ஓசூர் என்று சேலத்துக்குப் போய்ச் சேரும். பதினைந்து வருஷப் பதிவு முடிந்தும், தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து வருஷமாக நீட்டித்து வைத்திருக்கிறோம். விற்கலாமே என்று யாராவது கேட்டால் அப்பா பதில் சொல்வதில்லை, பேச்சை மாற்றிவிடுவார்.

ஆலையிலிருந்து வெளியே வந்தபோது அந்த வண்டியின் வயரிங்கில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. டீசல் எஞ்சின், மெக்கானிக்கல் பம்ப், எஞ்சினை ஆள ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. சாவியை எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே உறங்கிவிடும். மீதியெல்லாம் நாங்கள் பூட்டியவை. தம்பி கல்லூரியில் சேர்ந்தபோது பாட்டுப்பெட்டியும் அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் வந்தன. பெரியப்பா ஒருமுறை பின்னால் வந்த மாட்டை இடிக்கப் பார்த்ததால் ரிவர்ஸ் ஹாரன். அக்காவுக்குக் குழந்தை பிறந்த வருஷம், பால் சூடாக்க ஒரு சாக்கெட். பக்கத்துத் தெருவில் கார் கண்ணாடியை உடைத்தார்கள் என்று சென்ட்ரல் லாக்கிங். மழைக்காலத்தில் கம்பாட்கியில் பனிமூட்டம் இறங்கினால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்பாள், அதற்காக முன்னால் இரண்டு மஞ்சள் ஃபாக் லாம்ப். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு கை பூட்டியது. எந்த வயர் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நானா பேட் உதிரிபாகச் சந்தையை ஒட்டிய சந்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், சின்னக் கடை, வாசலில் எப்போதும் பிரித்துப் போட்ட செல்ஃப் மோட்டார். வண்டியைக் கொண்டுவருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். ‘ஓட்டிக்கிட்டு வந்தா எல்லாம் சூடா இருக்கும், எனக்கு ஒண்ணும் தெரியாது. ராத்திரி முழுக்க நிக்கட்டும், பானெட்டை மட்டும் திறந்து வைங்க. விடியக்காலம் நான் வர்றேன்’ என்று மராத்தியில் சொன்னார். டிசம்பர் மாதம், புனேயின் குளிர். மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். அப்பாவும் ஸ்வெட்டரோடு இறங்கி வந்து, ‘யா காகா’ என்று வரவேற்றார். அவர் அப்பாவைக் கூப்பிட்டது ‘அண்ணா’ என்று. எத்தனை வருஷம் ஆனாலும் தென்னாட்டுக்காரர் இந்த ஊருக்கு அண்ணாதான்.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கரண்ட் லீக் பார்ப்பது எப்படி என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நெகட்டிவ் கேபிளைக் கழற்று, பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை வை, எண்ணைப் பார். காகா கேபிளைக் கழற்றவே இல்லை. இரண்டு முனையிலும் முதலைக் கவ்வி வைத்த ஒரு வயரை எடுத்து, ஒரு கவ்வியைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையில் கடிக்கவிட்டார், இன்னொன்றைக் கேபிளின் தலையில். அதன் பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, கேபிளை முளையிலிருந்து மெல்ல ஆட்டி ஆட்டித் தூக்கினார். கரண்ட் ஒரு நொடிகூட அறுபடவில்லை, கவ்வி வயர் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, இரு முனைகளையும் முளையிலும் கேபிளிலும் பொருத்தினார். கடைசியாகத்தான் கவ்வி வயரை எடுத்தார். இப்போது வண்டி இழுக்கும் கரண்ட் மொத்தமும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஏன் இவ்வளவு சுற்று என்று கேட்டேன்.

‘ஒரு தடவை கட் ஆச்சுன்னா, பிடிச்சுக்கிட்டிருக்கிற ரிலே சிலது விட்டுடும். திரும்ப மாட்டினா மீட்டர்ல ஒண்ணும் காட்டாது. வண்டி நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு நான் போயிடுவேன். ரெண்டு நாள்ல அது மறுபடி பிடிச்சுக்கும்.’

கோளாறைப் பார்க்கப் போய், பார்க்கிற வேலையாலேயே அதைக் கலைத்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். பெரிய ஆய்வுக்கூடங்களில் பேசப்படும் விஷயம் இது. நானா பேட் சந்துக்காரர் ஒருவரின் விரல்களில் அது வழக்கமாகவே படிந்திருந்தது. அந்தக் காலை நேரத்தில் எனக்கு அவர்மீது உண்டான மரியாதை இன்றும் குறையவில்லை.

யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று எச்சரித்தார். டீசல் எஞ்சினைச் சுழற்ற செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கும், மீட்டர் தாங்காது. திறந்திருந்த ஓட்டுநர் கதவின் சுவிட்சை மடித்த அட்டையால் அழுத்தி, உள்விளக்கை அணைத்தார். மீட்டர் 0.21 என்று நின்றது. அப்படியே விட்டுவிட்டு டீ குடித்தார். எண் மாறவில்லை. பிறகு ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பாட்டுப்பெட்டியும் கடிகாரமும் தொங்கும் ஃப்யூஸை எடுத்தபோது 0.18 ஆனது. நியாயமான இழுப்பு என்று அதைத் திரும்பச் செருகினார். மற்ற எதைப் பிடுங்கியும் எண் அசையவில்லை. அந்த ஒன்றைத் தவிரப் பெட்டியே காலியான பிறகும் கசிவு அப்படியே இருந்தது.

நான் குழம்பினேன், அவர் தெளிந்தார். பெட்டியைத் தாண்டாமல், பேட்டரியிலிருந்து நேராகப் போகும் வயர் ஏதோ தின்கிறது. ஆல்டர்னேட்டரின் டயோடு கெட்டாலும் இப்படி ஆகும் என்று முதலில் அதன் வயரைக் கழற்றிப் பார்த்தார், அது சுத்தம். பிறகு பாசிட்டிவ் டெர்மினலின் நட்டுக்குக் கீழே இருந்த வயர்களை டார்ச் அடித்துப் பிரித்துப் பார்த்தார். கம்பெனி போட்டது தடித்த இரண்டு, மீதி எல்லாம் எங்கள் வீட்டுக் கதை. ‘இதெல்லாம் யார் போட்டது?’ என்றார். அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்: இது ஆம்ப்ளிஃபயர், இது பூட்டு, இது ஹூப்ளியில் ஒரு பையன் போட்டது. காகா வயரை இழுத்துத் தேடவில்லை. கையுறை இல்லாத வலது கையைப் பேட்டரித் தட்டுக்குப் பின்னால் விட்டு, இரும்பையும் பிளாஸ்டிக்கையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற வண்டியில், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு ரிலே. உள்ளே இருக்கும் சுருளில் கரண்ட் பாய்ந்தால் அது காந்தமாகி ஒரு இரும்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும், பெரிய கரண்டுக்கான பாதை திறக்கும். பிடித்துக்கொண்டிருக்கும் வரை சுருள் 150-லிருந்து 200 மில்லி ஆம்பியர் குடிக்கும், குடித்ததை வெப்பமாக்கும். அம்மாவின் ஃபாக் லாம்புக்குப் போட்ட ரிலே அது. ஒரு விபத்தில் முன்பக்க பம்பரை மாற்றியபோது அந்த லாம்புகளைக் கழற்றியாயிற்று. யாரும் திரும்பப் பூட்டவில்லை. ரிலேயும் வயரும் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த சுவிட்சும் அங்கேயே தங்கிவிட்டன. சுவிட்சின் ஸ்பிரிங் தளர்ந்து, உள்ளே செம்பு முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே பார்த்தால் ‘ஆஃப்’. பூட்டியவர் அந்தச் சுவிட்சுக்கான கரண்டைச் சாவிக்குப் பிறகு எடுத்திருந்தால் வண்டி நின்றதும் எல்லாம் அடங்கியிருக்கும், அவர் பேட்டரியிலிருந்தே நேராக எடுத்துவிட்டார். இல்லாத இரண்டு விளக்குகளுக்காக அந்த இரும்பு நாக்கு ராத்திரியும் பகலும் பாதையைத் திறந்து வைத்திருந்தது. காகா ரிலேயை உருவினார். ‘டிக்’. மீட்டரில் 0.03.

அன்றிலிருந்து நான் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் ஒரு பொருள் வரும்போது அதைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறோம். இடம் பார்க்கிறோம், வெளிச்சம் விழுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். அது வேண்டாமென்று ஆன நாளில் ஒருவரும் அருகில் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் பாதி போய்விடுகிறது, தெரியாத பாதி தங்கிவிடுகிறது. அந்த விளக்குகளைக் கழற்றிய மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். பம்பரை மாற்றத்தான் அவரிடம் சொன்னோம். அவிழ்ப்பதும் பூட்டுவதைப்போல முழு வேலை என்று நாங்களே நினைத்திருக்கவில்லை.

1912-இல் காடிலாக் கார்களில் சார்ல்ஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். கை முறிந்தவர்கள் உண்டு, ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி செத்துப்போகிற பயம் அவ்வளவாக இல்லை. இன்றைய வண்டி அதற்கு நேர் எதிர்முனை. பூட்டிய பிறகும் அதன் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று விசாரித்து, ஒவ்வொன்றாகத்தான் உறங்கப் போகும். சிலவற்றில் அரை மணி நேரம்கூட ஆகும். அதுவரை காத்திருக்காமல் மீட்டரைப் பார்த்தால் இல்லாத கோளாறு தெரியும். மின்சார வண்டி வந்தால் இந்தத் தொல்லை ஒழியும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒழியாது. மின்சாரக் கார்களிலும் பெரிய பேட்டரியைத் தவிரப் பொதுவாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது இறங்கினால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கண் திறக்காது, பெரியதை இணைக்கும் சுவிட்சுகளை மூடவே அந்தச் சின்னதுதான் வேண்டும். ஆக காகாவின் வித்தைக்கு இன்னும் வெகுகாலம் வேலை இருக்கிறது. அவரிடம் இதைக் கற்றுக்கொள்ள இப்போது பையன்கள் யாருமில்லை என்பதுதான் என் கவலை. ஒரு மணி நேரம் தொட்டுத் தடவிக் கண்டுபிடித்ததற்கு அவர் கேட்ட கூலி, ஒரு புதுப் பேட்டரி விற்றால் கடைக்காரருக்கு நிற்கும் லாபத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அளந்து பார்ப்பவருக்குக் குறைவாகவும் மாற்றிப் போடுபவருக்கு அதிகமாகவும் கிடைக்கிற வரை பையன்கள் எப்படி வருவார்கள்?

அன்று பேட்டரியை மாற்ற வேண்டாம் என்றார் காகா. கடைக்கு எடுத்துப் போய் மெதுவான சார்ஜில் போட்டு, மறுநாள் ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டு கிராவிட்டி பார்த்தார். எல்லாம் 1250-ஐ ஒட்டி இருந்தன. இறுகுவதற்கு முன்பே பிடித்துவிட்டோம் என்றார். ரிலேயோடு அதன் வயர் முழுவதையும், சுவிட்சையும், ஓட்டை விழுந்த பழைய கிளிப்புகளையும்கூட உருவிச் செய்தித்தாளில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் உட்கார்ந்து வண்டியின் வயரிங்கை ஒரு வரைபடத்தாளில் வரைந்தோம். கம்பெனி வயர் நீலப் பேனா, நாங்கள் போட்டது சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் பக்கத்தில் எதற்காக, எந்த ஊரில், சாவிக்கு முன்னாலா பின்னாலா என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ஃபாக் லாம்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனபோது தடுத்தார். ‘அதையும் எழுது. என்னிக்குக் கழட்டினோம்னும் போடு. அடுத்து வர்ற எலக்ட்ரீஷியன் அங்க ஓட்டையைப் பார்த்துட்டு வயரைத் தேடுவான்.’ தாளின் வலது ஓரத்தில் ‘கழற்றியது’ என்று ஒரு பத்தி போட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஆர்.சி. புத்தகத்தோடு டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது.